கூரைச் சோலார்: ஏழாண்டு விலை முடிந்த பிறகு

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உள்ள எமது வீட்டுக் கூரையில் 2017 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐந்து கிலோவாற்றுச் சோலார் தொகுதியொன்றைப் பொருத்தினோம். 2016 இல் அரசு தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில், மிகை மின் அலகுகளைப் பின்னர் பாவிக்க வரவு வைப்பது நெற் மீற்றரிங், பாவித்தது போக எஞ்சியதை விற்பது நெற் அக்கவுண்டிங், உற்பத்தி முழுவதையும் விற்பது நெற் பிளஸ் என மூன்று வழிகள் இருந்தன. நாம் இரண்டாவதைத் தேர்ந்தோம். ஒப்பந்தம் இருபது ஆண்டுகளுக்கானது. முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாய், அதன்பின் 15.50 ரூபாய்.

இந்த விலை வீழ்ச்சியைச் சோலார் விற்க வருபவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்து வெயிலில் எமது தொகுதி மாதம் ஏறத்தாழ 600 அலகுகள் தரும். கார்த்திகை மழையில் அது வெகுவாகக் குறையும். வீட்டுப் பாவனை 250 அலகுகள் என்றால், மிகுதி 350 அலகுகளுக்கு முன்னர் 7,700 ரூபாய் கிடைத்தது. இப்போது 5,425 ரூபாய்தான். வங்கிக் கடன் எடுப்பவர்கள் அது ஏழு ஆண்டுகளுக்குள் முடியுமாறு பார்த்துக்கொள்வது நல்லது.

ஆயினும் உண்மையான ஆதாயம் விற்ற அலகுகளில் அல்ல, வாங்காமல் தவிர்த்த அலகுகளிலேயே வந்தது என்பது எனது கணிப்பு. மின்கட்டணம் 2022 ஓகஸ்ரில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தபோது, நெற் பிளஸ் முறையிலிருந்த அயல்வீட்டார் தமது உற்பத்தி முழுவதையும் பழைய 22 ரூபாய்க்கே விற்றுக்கொண்டு, தாம் பாவித்ததற்குப் புதிய கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. எமக்கோ பாவனை முழுவதும் உற்பத்தியிலேயே கழிந்தது. ரூபாயின் பெறுமதி சரிந்த பின்னர் புதிதாக இணைந்தோருக்கு 37 ரூபாய் வரை வழங்கப்பட்டபோதும், பழைய ஒப்பந்தக்காரருக்கு விலை அசையவில்லை. விலை உறுதி என்பது இரு பக்கமும் உறுதிதான்.

பற்றரி இல்லாத தொகுதி, மின்வெட்டு வந்தவுடன் தானும் நின்றுவிடும். மின்கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக இன்வேட்டர் (பனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) அவ்வாறே அமைக்கப்பட்டுள்ளது. 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது, கொளுத்தும் வெயிலிலும் எமக்கு வெளிச்சமும் இல்லை, வருமானமும் இல்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை குறைந்து உற்பத்தி மிஞ்சியதால், பகலில் கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. (பனல்களைக் கழுவ எமது கிணற்றுத் தண்ணீர் உதவாது, சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துவிடும். சேகரித்த மழைநீரே நல்லது.)

2025 இல் அறிவிக்கப்பட்ட புதிய விலைகள் வேறு திசையைக் காட்டுகின்றன. ஐந்து கிலோவாற்று வரையான புதிய தொகுதிகளுக்கு அலகு 20.90 ரூபாய், பற்றரியில் சேமித்து, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் வழங்கினால் 45.80 ரூபாய். உரும்பிராயில் வீடு கட்டும் எனது மருமகன் இதைப் பற்றி விசாரித்தபோது, நாளொன்றுக்குப் பத்து அலகுகள் விற்றால் 458 ரூபாய் என்ற கணக்கோடு நிறுத்தாமல், பற்றரியின் உத்தரவாதம் எத்தனை தடவை ஏற்றி இறக்குவதற்குச் செல்லும் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன்; தினமும் விற்றால் பத்து ஆண்டுகளில் அது 3,650 தடவைகளாகும்.