பாம்புக் கூண்டுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு போவா பாம்பு இருக்கிறது. பெயர் செல்லி. ஐந்து வயது, ஆறடி நீளம். வெளிநாட்டுக்குக் குடிபோன உறவினரிடமிருந்து, அரசின் பரிவேஷ் இணையதளத்தில் வெளிநாட்டுப் பிராணிக்காகச் செய்திருந்த பதிவை எங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டுதான் வாங்கினோம். தெருவில் இன்னமும் "மலைப்பாம்பு வீடு" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். நம்மூர் மலைப்பாம்பு, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். செல்லி மலைப்பாம்பு இல்லை. போவா அமெரிக்கக் கண்டத்துப் பாம்பு.

பழைய கூண்டு அவளுக்குப் போதவில்லை. மண், சருகு, ஏறிப் படுக்கக் கிளை, செடி என்று அவள் ஊர்க் காட்டைப் போல ஒன்று அமைத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். இன்ஸ்டாகிராமில் அழகழகான கூண்டுப் படங்கள் போட்டிருந்த, கூண்டு செய்து தரும் ஒருவரைப் பிடித்தோம். ஆறடிக்கு இரண்டடி, உயரம் இரண்டரை அடி. 18 மில்லிமீட்டர் மரைன் பிளை (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை), முன்னால் தள்ளுகண்ணாடி, வலை போட்ட செராமிக் ஹீட்டர், வைத்த சூடு வந்ததும் ஹீட்டரை அணைக்கும் தெர்மோஸ்டாட். எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய். "கவலையே படாதீங்கக்கா, பத்து வருஷத்துக்கு அசையாது" என்றார். 20,000 முன்பணம் கொடுத்தேன். வண்டியில் ஏற்றுவதற்கு முன் மீதியையும் அனுப்பினால்தான் லோடு கிளம்பும் என்றார். அனுப்பினேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

2024 அக்டோபரில் கூண்டு வந்து இறங்கியது. பார்க்க அவ்வளவு அழகு. பின்சுவர் முழுக்கப் பாறை மாதிரி வேலைப்பாடு, மணி பிளான்ட், பாசி, குறுக்கே ஒரு கிளை. வந்த ஆட்களே மாட்டி, சுவிட்சைப் போட்டுக் காட்டி, ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். அன்று மாலையே செல்லியை உள்ளே விட்டேன்.

நாலாம் நாள் தண்ணீர் மாற்றும்போது முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு தெரிந்தது. செதில்கள் பழுப்பேறி, ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தன. தொட்டதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். தம்பி ஏசி மெக்கானிக். லேசர் தெர்மாமீட்டரை எடுத்துவந்து ஹீட்டருக்கு அடியில் இருந்த கிளையில் வைத்தான். 49 டிகிரி. போவா குளிர்காயும் இடம் 32, 33 டிகிரி இருந்தால் போதும்.

காரணத்தையும் அவன்தான் கண்டுபிடித்தான். தெர்மோஸ்டாட் சென்சாரை ஹீட்டர் பக்கம் வைக்காமல், எதிர்க்கோடியில் குளிர்ந்த மூலையில் ஒட்டியிருந்தார்கள். அந்த மூலை 27 டிகிரியைத் தாண்டுவதில்லை, தாண்டவும் கூடாது. ஆனால் தெர்மோஸ்டாட்டில் வைத்திருந்த அளவு 32. அது எப்போது வருவது? ஹீட்டர் அணையாமல் ராத்திரி பகலாக எரிந்திருக்கிறது. சொன்ன வலையும் இல்லை. கிளையில் ஏறிச் சுருண்டு படுத்தால் முதுகு ஹீட்டரிலேயே உரசும். சுட்டால் பாம்பு தானே விலகிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். வெந்து புண்ணாகும் வரை அங்கேயே கிடந்த பாம்புகள் நிறைய உண்டு.

கூண்டு செய்தவருக்குப் போன் செய்தேன். "அது பழைய காயமா இருக்கும்க்கா" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை. தினமும் அவளைக் கையில் எடுக்கிறவள் நான்.

மருத்துவரிடம் கொண்டுபோய்க் களிம்பு வாங்கி, மண் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் பெட்டியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்தோம். இரண்டு மூன்று முறை சட்டை உரித்த பிறகுதான் தோல் தெளியும் என்றார். சரி, ஹீட்டரை நாமே மாற்றி மாட்டிக்கொள்ளலாம், கூண்டாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

அதுவும் மிஞ்சவில்லை. செடிக்காகத் தினமும் தண்ணீர் தெளித்துவந்தேன். போவாவுக்கு 60, 70 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று கூண்டு செய்தவரிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, மழை விட்டபின் போய்ப் பார்த்தால் அடிப்பலகை உப்பி, கண்ணாடி ஓடும் தடம் வளைந்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. பூட்டு பூட்டினபடியே இருக்கிறது. செல்லி உள்ளே இருந்திருந்தால் அந்த இடைவெளியில் தலையைக் கொடுத்து நெம்பி வெளியே வந்திருப்பாள்.

ஒயர் போகும் ஓட்டையில் நகத்தை விட்டுச் சுரண்டினேன். ஈர ரவை மாதிரி உதிர்ந்தது. மேலே மரநிற லேமினேட் தாள், உள்ளே மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. மரைன் பிளையில் ஓரத்தைப் பார்த்தால் அடுக்கடுக்காக மர ஏடுகள் தெரியும், பலகையில் ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்கும். எனக்கு வந்ததில் ஓரம் முழுக்க டேப் ஒட்டி மறைத்திருந்தார்கள். மண்ணுக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு அடுக்கு இல்லை, ஒரு பிளாஸ்டிக் விரிப்புகூட இல்லை. ஈர மண்ணை நேராகப் பலகை மேலேயே கொட்டியிருக்கிறார்கள்.

படம் எடுத்து அனுப்பினேன். "கடலோர ஊருக்கா, எந்த மரமும் உப்பத்தான் செய்யும்" என்று ஒரு வாய்ஸ் நோட் வந்தது. எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி மரைன் பிளையில் செய்தது. பதினொரு வருஷமாக அப்படியே இருக்கிறது. அதைச் சொன்னதும் பதில் நின்றுபோனது. அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்.

பில் கேட்டு வாங்காததால், ஜிபே ரசீதும் வாய்ஸ் நோட்டுகளும் மட்டும்தான் கையில் இருக்கின்றன. அவற்றை வைத்தே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

செல்லி இதுவரை ஒருமுறை சட்டை உரித்திருக்கிறாள். காயம் இருந்த இடத்தில் மட்டும் சட்டை கிழிந்து ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, ஈரத் துணிக்குள் அவளையே ஊர்ந்துபோக விட்டு எடுத்தேன்.

கூண்டு மொட்டைமாடியில் கிடக்கிறது. அதன் படம் மட்டும் இன்னும் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் முதல் படமாக இருக்கிறது. இடது மூலையில் மணி பிளான்ட், குறுக்கே ஒரு கிளை, பின்னால் பச்சைச் சுவர். அது எங்கள் மாடி அறை. அந்தப் படத்தைக் காட்டி யாராவது உங்களிடம் முன்பணம் கேட்டால், ஓரத்து டேப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.