கிரானைட்டுக்கு ஏற்ற வைர பிட், ஆனால் தண்ணீர் வழி குறுகல்

கெட்டியான கிரானைட்டைத் துளைத்து கோர் (உருளை வடிவப் பாறைத் துண்டு) எடுக்க இந்த என்க்யூ (NQ) அளவு இம்ப்ரெக்னேட்டட் பிட்டை, அதாவது உலோகத்துக்குள் வைரம் கலந்த துளைமுனையை வாங்கினோம், முழுதும் தேயும்வரை ஓட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். துளை 75.7 மில்லிமீட்டர், கோர் 47.6 மில்லிமீட்டர், கோர் கடைசிவரை வழவழவென்று முழுசாக வந்தது.

இந்த வகை பிட்டில் வைரத்தை மேலே மட்டும் பதிப்பதில்லை. செயற்கை வைரத் துகளை டங்ஸ்டன் கார்பைடு, வெண்கலம் மாதிரியான உலோகப் பொடியோடு கலந்து, கிராஃபைட் அச்சில் கொட்டி, சூடேற்றி இறுக்குகிறார்கள், அதனால் பாறையை வெட்டும் வளையமான கிரவுன் முழுக்க வைரம் இருக்கும். ஓட ஓட, வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகமான மேட்ரிக்ஸ் தேய வேண்டும், மழுங்கிய துகள் உதிர வேண்டும், அடியில் இருப்பது வெளியே வர வேண்டும். தேய்க்கிற வேலையைச் செய்வது பாறைத் தூள்தான். கடினமான பாறை கொஞ்சமாக, நைசாகத்தான் தூள் விடும், எனவே அதற்கு மென்மையான மேட்ரிக்ஸ். மணற்கல் மாதிரி உரசித் தின்னும் பாறைக்குக் கடினமானது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பாறை கெட்டி என்றதும் கெட்டியான பிட்டைக் கேட்பவர்கள் நிறைய பேர், அப்புறம் பிட் பளபளவென்று மெருகேறி இறங்காமல் நிற்கும்.

இந்த பிட்டில் அந்தப் பொருத்தம் அருமையாக அமைந்திருக்கிறது. சீரான வேகத்தில் இறங்கியது, கழற்றிப் பார்த்தபோதெல்லாம் முகப்பில் கை வைத்தால் சொரசொரப்பு இருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது, கிரவுன் வட்டம் முழுக்க ஒரே மாதிரி தேய்ந்ததுதான். பொடியையும் வைரத்தையும் சரியாகக் கலக்காமல் விட்டால் வைரம் குறைந்த இடம் சீக்கிரம் தேய்ந்து மோதிரம் போலப் பள்ளம் விழும். முன்பு வேறொரு தயாரிப்பாளரின் பிட்டில் அதைப் பார்த்து நொந்திருக்கிறேன். இவர்கள் கலவையில் மெனக்கெட்டிருக்கிறார்கள்.

குறை என்றால், பிட்டைக் குளிர்வித்துத் தூளை வெளியேற்றும் தண்ணீர் போகிற வழி. ரொம்பக் குறுகல். நல்ல பாறையில் தெரியவில்லை, உடைந்த பாறை வந்ததும் சில்லு அடைத்து பம்ப் அழுத்தம் ஏறிவிடுகிறது, கவனிக்காமல் விட்டால் தண்ணீர் போகாமல் கிரவுனே கருகிப்போகும், அப்புறம் அந்த பிட் எதற்கும் ஆகாது. மேட்ரிக்ஸ் எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண்ணையும் பெயின்ட்டில்தான் எழுதியிருக்கிறார்கள், சீக்கிரமே அழிந்துவிட்டது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு எண் வரிசை வைத்திருக்கும் தொழிலில் அதை இரும்பில் குத்திக் கொடுப்பதுதான் நியாயம்.

வெடிப்பில்லாத கிரானைட்டுக்குத் தைரியமாக வாங்கலாம். உடைந்த பாறை நிறைய வரும் துளை என்றால், இதே மேட்ரிக்ஸில் அகலமான வழி வைத்துத் தர முடியுமா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.