மரமா, ஃபோமா, வெறுங்கூடா? பழைய ஃபைபர் படகுக்குள் போடும் சட்டங்கள்

ஃபைபர் படகு, அதாவது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்த படகு, பழசானால் வெளிச்சுவரான ஓடு அவ்வளவு சீக்கிரம் கெடாது, உள்ளே இருக்கும் சட்டங்கள்தான் கெடும். வெளியே பாலீஷ் போட்டுப் பளபளவென்று நிற்கும் படகின் தளத்தைப் பெயர்த்துப் பாருங்கள். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கருக்குள் பிளைவுட் கறுத்து ஊறிக் கிடக்கும். ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் கைப்பிடி வரை இறங்கும். மும்பையில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தார்ப்பாய் சரியாகப் போடாத படகில் தேங்குவது அத்தனையும் நல்ல தண்ணீர். மரத்தை அழுக வைப்பதில் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் மோசம்.

மும்பைப் படகுத்துறையான பாவ்ச்சா தக்கா பக்கம் கரையில் கிடக்கும் 18 அடிப் படகு ஒன்றுக்கு உள்சட்டம் மாற்றுவது பற்றித்தான் இப்போது எங்களுக்குள் ஓயாத பேச்சு. படகுக்காரர் சயான் கோலிவாடாவில் இருக்கும் நம்மாள். ஃபைபர் வேலை பார்ப்பவர் தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் மரக் கட்சி. படகுக்காரரின் மகன் வீடியோ பார்த்துப் பார்த்து ஃபோம் கட்சி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே எதை வைக்கிறோம் என்பது இரண்டாம் பட்சம். சட்டத்தின் உயரமும், அதன் மேல் ஒட்டும் ஃபைபரும், ஓட்டோடு அது சேரும் இடமும்தான் படகைத் தாங்குகின்றன. ஒரு கட்டையின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகும். உயரத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு. தளத்தின் மட்டம் அனுமதிக்கும் வரை உயரம் வைத்துவிட்டு, அப்புறம் மரமா ஃபோமா என்று சண்டை போடலாம்.

சரி, மரம். இங்கே மரம் என்றால் 710 முத்திரை உள்ள மரைன் பிளை. ரே ரோடு மரக்கடைகளில் போய் ‘வாட்டர் ப்ரூஃப் பிளை’ என்று கேட்டால் எதையாவது கொடுப்பார்கள், ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று பலகையைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். அதிலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்தப் பலகையின் பசைதான் தண்ணீரில் விடாது, மரம் மரம்தான். ஈரம் உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் நின்றால் அதுவும் அழுகும். பிளையின் பெரிய வசதி, அது தானே சுமை தாங்கும். மேலே ஒட்டும் ஃபைபர் கொஞ்சம் மெலிதாகப் போனாலும் சமாளிக்கும், ஸ்க்ரூ பிடிக்கும், அறுப்பது சுலபம். அண்ணாச்சியின் வாதம் இதுதான்: “மரம் தானா கெடாது தம்பி. நீங்க ஓட்டை போட்ட எடத்துலதான் கெடும்.” முக்கால்வாசி உண்மை. பழைய சட்டங்களில் அழுகல் தொடங்குவது பெரும்பாலும் தண்ணீர் ஓட அடியில் வெட்டிய துளையிலும் தளத்தை இறுக்கிய ஸ்க்ரூவிலும்தான். துளையைப் பெரிதாகப் போட்டு, கெட்டிப்படுத்திய எபாக்சி ரெசினால் அடைத்து, காய்ந்தபின் நடுவில் சிறிதாகத் துளைத்தால் மரம் தண்ணீரைப் பார்க்கவே பார்க்காது. ஆனால் அடுத்த வருடம் யாரோ ஒருவர் மீன் கண்டுபிடிக்கும் கருவியின் வயரை மாட்ட ஒரு ஸ்க்ரூ அடிப்பார். அங்கே தொடங்கும்.

முழுக்கட்டை, அதாவது தேக்கோ சாலோ, ஸ்டிரிங்கருக்கு வேண்டாம். ஈரத்துக்கு உப்பிச் சுருங்கி, ஒட்டிய ஃபைபரைப் பிய்க்கும்.

ஃபோமில் மூன்று சரக்கு. தெர்மாகோல் பக்கமே போகாதீர்கள். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். குளிர்பதனக் கிடங்குகளில் போடும் பஃப், அதாவது பி.யூ. ஃபோம், கரையாது, மலிவு. ஆனால் விரலால் அழுத்தினாலே குழி விழும். வெறும் வடிவத்துக்கு மட்டும் அது போதும். உண்மையான படகுச் சரக்கு பி.வி.சி. ஃபோம். விலை பல மடங்கு. எடையில்தான் அதன் அருமை தெரியும். நாலு மீட்டர் நீளம், 150 மில்லிமீட்டர் உயரம், 25 மில்லிமீட்டர் தடிமன் என்று இரண்டு சட்டம் போட்டால், பிளையில் சுமார் 20 கிலோ வரும். கன மீட்டருக்கு 80 கிலோ உள்ள பி.வி.சி. ஃபோமில் இரண்டரைக் கிலோகூட வராது. இந்தக் கணக்கைத்தான் படகுக்காரரின் மகன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறான். அவன் சொல்லாமல் விடுவது, ஃபோம் தானே சுமை தாங்காது என்பதை. முழுச் சுமையும் ஃபைபர் தோலில். பிளைக்கு, சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள மேட் (துண்டு இழை விரிப்பு) ஒன்றும் 600 கிராம் உள்ள ரோவிங் (நெய்த இழைத் துணி) ஒன்றும் போட்டு நிறுத்துகிற இடத்தில், ஃபோமுக்கு அந்த ஜோடியை இன்னொரு முறை போட வேண்டும். சட்டத்தின் தலையில், நீளவாக்கில் மட்டும் இழை ஓடும் துணியை ஒரு பட்டையாகக் கூடுதலாக ஒட்டினால் நல்லது. வளையும்போது அதிக இழுப்பும் அழுத்தமும் அங்கேதான். இதெல்லாம் சேர்ந்தால் மிச்சமான எடையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். அழுகாது என்பது மட்டும் கழிக்க முடியாத லாபம்.

வெறுங்கூடு என்பது ஏழைகளின் ஃபோம். பி.வி.சி. குழாயை நெடுகப் பிளந்து கவிழ்த்தோ, அட்டையை மடித்தோ வைத்து, மேலே ஃபைபர் போடுவது. கணக்குப்படி இதில் தவறே இல்லை. ஆனால் அரை வட்டக் குழாயில் உயரம் கிடைக்காது. 110 மில்லிமீட்டர் குழாயைப் பிளந்தால் 55தான். பக்கவாட்டுத் தளத்துக்கும் பெட்டிகளுக்கும் அடியில் போடலாம், நடுச்சட்டத்துக்கு ஆகாது.

இன்ஜின் உட்காரும் இடத்தில் மட்டும் நான் அண்ணாச்சி கட்சி. படகுக்குள்ளேயே உட்காரும் இன்போர்டு டீசல் இன்ஜினின் போல்ட்டை ஃபோம் பிடிக்காது. இறுக்க இறுக்க அமுங்கும். அந்த நீளத்துக்கு ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு, எபாக்சியில் ஒட்டிய பிளை அடுக்கை வைத்து, போல்ட் துளைக்குள் உலோகக் குழாய் இறக்கினால் அழுத்தம் குழாய்க்குப் போகும்.

எதைப் போட்டாலும் வேலை கெடுவது பொருத்துவதில்தான். பழைய சட்டங்களை மொத்தமாகப் பெயர்த்தால் ஓடு தளர்ந்து வேறு வடிவத்துக்குப் போய்விடும். அந்த வடிவத்திலேயே புதுச் சட்டத்தை ஒட்டினால் கோணல் நிரந்தரம். அடியில் தாங்கு கொடுத்து, இருபக்க விளிம்புக்கும் குறுக்கே கயிறு கட்டி, கயிற்றிலிருந்து பழைய சட்டத்தின் உச்சி எத்தனை கீழே என்று ஒவ்வோர் அடிக்கும் குறித்துக்கொண்டு, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். ஓட்டின் வளைவைப் பலகைக்குக் கொண்டுவர, மெல்லிய அட்டைத் துண்டுகளை ஓட்டைத் தொடும்படி ஒவ்வொன்றாக ஹாட் குளூவில் ஒட்டி ஒரே அச்சாக்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. அண்ணாச்சி பலகையை நிறுத்தி, காம்பஸின் ஒரு காலை ஓட்டில் உரசிக்கொண்டே போவார், மறு காலின் பென்சில் கோடு இழுத்துவிடும். நீளச் சட்டத்துக்கு அவர் வழி வேகம். குறுக்குச் சுவரான பல்க்ஹெட்டுக்கு, இடம் நெருக்கடியானதால், அட்டை வழிதான்.

பல்க்ஹெட்டை ஓட்டோடு ஒட்ட அறுத்து இறுக்கி வைப்பதைப் பலர் திறமை என்று நினைக்கிறார்கள். அது தவறு. அலை அடிக்கும்போது ஓடு வளையும். பலகையின் கூர்விளிம்பு தொடும் கோட்டில் மட்டும் வளையாது. அந்தக் கோட்டிலேயே ஓட்டின் வெளிப்பூச்சான ஜெல்கோட் வெடிக்கும். எட்டு, பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் ஃபோம் பட்டை வைத்து, இரு பக்கமும் மூலையைப் பட்டியால், அதாவது ரெசின் புட்டியால், விரல் அளவுக்கு உருட்டிவிட வேண்டும். ஃபைபர் கூர்மூலையில் படியாது, தூக்கிக்கொண்டு உள்ளே காற்று நிற்கும். மேலே ஒட்டும் துணிகளும் ஒரே அகலத்தில் முடியக்கூடாது: ஓட்டின் மேல் முதலாவது 50 மில்லிமீட்டர், அடுத்தது 100, அதற்கடுத்தது 150 என்று படிப்படியாக.

ரெசினில் அண்ணாச்சி ஐசோ பாலியெஸ்டர், நான் எபாக்சி. புதுப் படகு வார்க்கப் பாலியெஸ்டர் போதும். பழைய, காய்ந்த ஓட்டின் மேல் ஒட்ட எபாக்சியின் பிடிப்பு மேல். பாலியெஸ்டர்தான் என்றால் 40 நம்பர் உப்புத்தாளில் வெள்ளை இழை தெரியும் வரை தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, அன்றைக்கே ஒட்டுங்கள். எபாக்சியில் சாதாரண மேட்டைப் போடாதீர்கள். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும். தையல் போட்ட துணி வேண்டும். ஒருமுறை எபாக்சி ஏறிய இடத்தில் பிறகு பாலியெஸ்டர் ஒழுங்காக ஒட்டாது என்பதையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். பாலியெஸ்டர் கலப்பவர்கள், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும் அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட்.

இங்கே இன்னொரு சங்கடம். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகள் கரையேறி ஓய்வாக இருக்கும் 61 நாளும் சரியாக மழைக்காலம். ஈரக்காற்றில் பாலியெஸ்டர் பிசுபிசுப்பாகவே நிற்கும். எபாக்சியின் மேல் மெழுகுபோல ஒரு படலம் பூக்கும், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த கோட் போட்டால் உரிந்து வரும். தடைக்காலத்தில் அறுப்பது, அச்சு எடுப்பது, பழசைப் பெயர்ப்பது எல்லாம் செய்யலாம். ஒட்டும் வேலையை அக்டோபருக்குத் தள்ளச் சொல்கிறேன். படகுக்காரர் ஆகஸ்டிலேயே கடலில் இறக்க வேண்டும் என்கிறார்.