முழு அளவு நியூபோர்ட் 11 கிட்: பள்ளி மாணவர்களோடு இரண்டு ஆண்டு கட்டிப் பார்த்த பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு போர் விமானத்தை நிஜ அளவில் கட்ட ஆசைப்பட்டு எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், முதல் உலகப் போர் காலத்து நியூபோர்ட் 11-இன் அலுமினியக் குழாய் கிட்டை, அதாவது நாமே சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பை, வாங்குங்கள் என்பேன். ஒஹாயோவில் நான் இருக்கும் ஊரில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பதினோரு பேரும் பெரியவர்கள் மூன்று பேரும் சேர்ந்து, சனிக்கிழமை சனிக்கிழமையாக இரண்டு பள்ளி ஆண்டுகள் செலவழித்து ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறோம். பறக்கவிடுவதற்காக அல்ல, காட்சிக்கு வைப்பதற்காக. அதை முதல் நாளே பெற்றோர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டோம்.

பிள்ளைகள் முதலில் கேட்டது ஸ்பிட்ஃபயர், அப்புறம் மஸ்டாங், இரண்டுமே இரண்டாம் உலகப் போர் விமானங்கள். ஆசை புரிகிறது. ஆனால் இரண்டுக்குமே இறக்கை நீளம் 11 மீட்டரைத் தாண்டும், உடம்பு முழுக்க வளைந்த உலோகத் தகடு. காட்சிக்கு வைக்கும் முழு அளவு ஸ்பிட்ஃபயர்களில் பல ஃபைபர்கிளாஸ் அச்சில் வார்த்தவை. அப்படி ஒன்றை வாங்கினால் மாணவர்களுக்கு மிஞ்சுவது உப்புத்தாள் தேய்ப்பதும் பெயின்ட் அடிப்பதும்தான், விமானம் எதனால் நிற்கிறது என்பது அவர்கள் கைக்கு வராது. நியூபோர்ட் 11 வேறு மாதிரி. குஸ்தாவ் டெலாஜ் வடிவமைத்து 1916 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படைக்கு வந்த இந்த விமானத்தை அவர்களே 'பெபே', அதாவது குழந்தை, என்றுதான் அழைத்தார்கள். இறக்கை விரிவு சுமார் ஏழரை மீட்டர், இறக்கைப் பரப்பு 13 சதுர மீட்டர். விமானி, பெட்ரோல் எல்லாம் சேர்த்தே எடை அரை டன்னை ஒட்டித்தான் வரும். முழு அளவில் கட்டினாலும் ஒரு பெரிய பட்டறைக்குள் அடங்கிவிடும், பதினாறு வயதுப் பையன் உள்ளே ஏறி உட்கார்ந்தால் தோள் இரண்டு பக்கமும் இடிக்கும். அந்த இடிப்புக்காகத்தான் முழு அளவு வேண்டும் என்கிறேன். எட்டில் ஏழு பங்கு அளவில் வரைபடங்கள் கிடைக்கின்றன, செலவும் குறையும். ஆனால் 'அந்தக் காலத்து விமானி இந்த இடுக்கில்தான் உட்கார்ந்தானா' என்ற கேள்வி முழு அளவில்தான் எழும்.

விற்றவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, ஏனென்றால் நான் பேசுவது இந்த வகைக் கிட்டைப் பற்றி. மூல விமானத்தில் மரச்சட்டமும் அதை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளும் இருந்தன. கிட்டில் மரத்துக்குப் பதில் அலுமினியக் குழாய். குழாய்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் குசெட் என்கிற முக்கோணத் தகடு வைத்து, தகட்டையும் குழாயையும் பிணைக்கும் ஆணியான பாப் ரிவெட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அடிப்படை. வெல்டிங் கிடையாது. டிரில், இரும்பறுக்கும் ரம்பம், அரம், ரிவெட் கன், அப்புறம் ரிவெட் அடிக்கும் முன் துளைகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் க்ளீகோ, இவை இருந்தால் உடல்கூடு எழுந்து நின்றுவிடும். க்ளீகோ மட்டும் எவ்வளவு வாங்கினாலும் போதாது, நாங்கள் மூன்று முறை வாங்கினோம்.

இந்த முறையின் பெரிய நன்மை, தவறு கண்ணுக்குத் தெரியும், திருப்பியும் எடுக்கலாம். ரிவெட் சாய்ந்துபோனால் அதன் தலையை டிரில் வைத்து எடுத்துவிட்டு வேறு அடிக்கலாம். முதல் மாதத்தில் ஒரு மாணவி வால் பகுதிச் சட்டத்தில் அடித்த ரிவெட்டுகளில் பாதிக்கு மேல் தகட்டில் சரியாக உட்காரவில்லை. துளையின் ஓரத்துப் பிசிறை எடுக்காமல் அடித்ததுதான் காரணம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே ஒரு மெல்லிய தாளை தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் விட்டுப் பார்த்தாள், தாள் உள்ளே போனது, அன்று மாலை முழுக்க உட்கார்ந்து அத்தனையையும் கழற்றினாள். அடுத்த வாரம் புதிதாக வந்தவர்களுக்குப் பிசிறு எடுக்கக் கற்றுக்கொடுத்தது அவள்தான். மரத்தில் பசை போட்டு ஒட்டிவிட்டால் இப்படித் திருத்த வழி இருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வரைபடம் அனுபவசாலிக்கு எழுதியது போல இருக்கிறது, இந்த வேலையை முதல் முறை செய்பவர்கள் தடுமாறுவார்கள். மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இணைக்கும் தாங்கியின் பிடிப்புத் தகடு எங்கே வரவேண்டும் என்பதில் இரண்டு தாள்கள் இரண்டு அளவு காட்டின. கேட்டபோது இரண்டே நாளில் பதில் வந்தது, அதில் குறை சொல்ல முடியாது, ஆனால் அதற்குள் ஒரு சனிக்கிழமை வீண். சிறு போல்ட்டுகளில் ஒரு பை வரவே இல்லை. பெட்டி வந்த அன்றே பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிவிடுங்கள். நாங்கள் நான்கு மாதம் கழித்துத்தான் எண்ணினோம், அப்போது யார் மேல் தப்பு என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்று, கிட்டின் விலை மட்டும்தான் செலவு என்று நினைத்துவிடாதீர்கள். துணி, பசை, பெயின்ட், சக்கரம், கருவிகள் என்று எங்களுக்குக் கிட்டுக்கு ஆன அதே அளவு பணம் மறுபடியும் ஆனது. வால், உடல், இறக்கை என்று பகுதி பகுதியாக வாங்க முடிந்தால் அப்படியே வாங்குங்கள். வாலைக் கட்டி முடிக்கும்போதே உங்கள் குழு தாக்குப்பிடிக்குமா என்று தெரிந்துவிடும்.

துணி போர்த்தும் கட்டத்துக்கு எல்லோருமே பறப்பார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். வெறும் எலும்புக்கூடாக இருக்கும்வரை எல்லாம் திறந்து கிடக்கிறது, துணி மூடிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே. பள்ளியில் பெற்றோர் வரும் நாளுக்கு ஏதாவது காட்ட வேண்டும் என்று இடது கீழ் இறக்கையை அவசரமாகப் போர்த்தினோம். நியூபோர்ட்டில் கீழ் இறக்கை மேலதைவிட மிகவும் குறுகலானது, உள்ளே ஸ்பார் என்கிற நீளவாட்டு முதுகெலும்பு ஒன்றே ஒன்று. நிஜ விமானத்தில் வேகமாகக் கீழே பாயும்போது அந்த இறக்கை முறுக்கிக்கொண்டு உடைந்த சம்பவங்கள் உண்டு, அது இந்த வடிவமைப்பின் பெரிய பலவீனம். எங்கள் இறக்கையைப் போர்த்தி, இழுத்து, இரண்டு முறை பூச்சு அடித்த பிறகு அதைத் திருப்பியபோது உள்ளே ஏதோ உருளும் சத்தம். தாங்கியின் பிடிப்பில் போட வேண்டிய ஒரு நட்டு. பறக்காத விமானம்தானே, விட்டுவிடலாம் என்று பெரியவர்களில் ஒருவர் சொன்னார். பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. வாக்கெடுப்பு நடத்தி, துணியைக் கிழித்து, நட்டை முறுக்கி, மறுபடி போர்த்தினார்கள். மூன்று வாரம் போனது. எனக்கு இந்த இரண்டு வருடத்தில் மிகவும் பிடித்த மூன்று வாரம் அது.

துணி வேலை அவ்வளவு அழகானது. அந்தக் காலத்தில் லினன் துணி மேல் டோப் என்ற செல்லுலோஸ் பூச்சு, அது காயக் காயத் துணி மத்தளம் மாதிரி இறுகும், ஆனால் பயங்கரமாகத் தீப்பிடிக்கும். இப்போது பாலியஸ்டர் துணி. ஓரங்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிறது. முதல் சுற்று 250 டிகிரி ஃபாரன்ஹீட், கடைசிச் சுற்று 350. அதற்கு மேல் போனால் இறுகிய துணி திரும்பத் தளர ஆரம்பித்துவிடும். இஸ்திரிப் பெட்டியின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், வெப்பமானி வைத்து அளந்து நீங்களே குறி போட்டுக்கொள்ளுங்கள். தொளதொளவென்று தொங்கிய துணி இஸ்திரி போகும் பாதையில் கண்ணெதிரே விறைப்பதைப் பார்த்தபோது, அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த பையன்கள்கூட 'எனக்கு ஒரு முறை கொடுங்கள்' என்று வரிசையில் நின்றார்கள். அப்புறம் நீள ஊசியால் துணியை, இறக்கையின் விலா எலும்பு மாதிரி இருக்கும் ஒவ்வொரு ரிப்போடும் சேர்த்துத் தைத்து முடிச்சுப் போட வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், இறக்கைக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர். சாதாரணமாகப் பேசிக்கொள்ளாத பிள்ளைகளை வேண்டுமென்றே ஜோடி சேர்த்தேன், ஊசி வருகிறதா என்று கேட்டே ஆக வேண்டுமே.

என்ஜின் கிட்டில் வராது. காட்சிக்கு என்பதால் ஒன்பது சிலிண்டர் லெ ரோன் என்ஜினின் உருவத்தைப் பிளாஸ்டிக் பைப், ஒட்டுப்பலகை வளையங்கள், செம்புக் குழாய் இவற்றை வைத்து மாணவர்களே செய்தார்கள். நிஜமானது 80 குதிரைத்திறன் கொண்டது, விமானத்தை மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர் வேகம் வரை இழுக்கும். விசித்திரம் என்னவென்றால் அதன் தண்டு விமானத்தோடு இறுக்கமாகப் பூட்டியிருக்கும், சிலிண்டர்கள் அத்தனையும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். அதற்கு ஊற்றிய எண்ணெய் ஆமணக்கெண்ணெய், நம் வீட்டு விளக்கெண்ணெய்தான், பெட்ரோலில் கரையாது என்பதால். எரியாத எண்ணெய் வெளியே தெறித்து விமானி முகத்தில் வந்து விழும். குழுவில் இருந்த ஒரு தமிழ்ப் பெண், "அங்கிள், பாட்டி எனக்குத் தலையில் தேய்த்துவிடும் அதே எண்ணெயா?" என்று கேட்டாள். அதேதான். அடுத்த வாரம் ஒரு சிறு பாட்டில் கொண்டுவந்தாள், எல்லோரும் மோந்து பார்த்தார்கள்.

துப்பாக்கி விஷயத்தை வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள். புரொப்பெல்லர் இறக்கைகளுக்கு நடுவே சுடும் ஒத்திசைவுக் கருவி இந்த விமானத்தில் இல்லை, அதனால் லூயிஸ் என்ற இயந்திரத் துப்பாக்கியை மேல் இறக்கையின் மேல் ஏற்றி புரொப்பெல்லருக்கு மேலாகச் சுட்டார்கள். குண்டு தீர்ந்தால் பறந்துகொண்டே குண்டுகள் அடுக்கிய தட்டை மாற்ற வேண்டும். பள்ளி வளாகத்தில் துப்பாக்கியின் பொம்மைகூடக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. துப்பாக்கியைப் பொருத்தும் தாங்கியை மட்டும் வைத்தோம். அது வெறுமையாக நிற்பதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மாணவர்கள் பிரான்சில் நடந்த வெர்டன் சண்டை பற்றியும், அங்கே பிரான்சுக்காக நியூபோர்ட்டில் பறந்த அமெரிக்கத் தன்னார்வலர்கள் பற்றியும், 1916 ஜூன் 23 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட விக்டர் சாப்மன் பற்றியும் சொல்கிறார்கள். அவருக்கு வயது 26. அந்தப் போரில் இறந்த முதல் அமெரிக்க விமானி. இதை ஒரு பையன் முதல் முறை சொன்னபோது, தன் அண்ணனுக்கும் 26 என்று சேர்த்துச் சொன்னான். நான் எழுதிக்கொடுத்ததில் அது இல்லை.

மூல விமானத்தின் மரவேலையை விரும்புகிறவர்களுக்கு இந்தக் கிட் பிடிக்காது, அது நியாயம்தான். நாங்கள் பழைய முறையில் ஒரே ஒரு மர ரிப் தனியாகச் செய்து பக்கத்தில் வைத்தோம், ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். பறக்கும் விமானம்தான் கட்ட வேண்டும் என்றால் வேறு கிட்டுக்குப் போங்கள். அமெரிக்காவில் பள்ளிக் குழுக்கள் பல ஆர்வி 12 என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானத்தைக் கட்டுகின்றன, அதில் துளைகள் ஏற்கெனவே போட்டே வரும், வரைபடமும் தெளிவு. காட்சிக்கு, அதுவும் வரலாறும் கைவேலையும் சேர்ந்து வேண்டும் என்றால் நியூபோர்ட்டுக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அரை மதிப்பெண் வரைபடத்துக்காகக் குறைத்தது.

ஒன்றை மறந்துவிட்டேன். பட்டறைக் கதவு. மேல் இறக்கை இரண்டு பாதியாக வருகிறது, அதனால் கவலை இல்லை. ஆனால் சக்கரங்களைப் பொருத்திய பிறகு உடல் பகுதி எங்கள் கதவை விட நான்கு விரல் அகலமாகிவிட்டது. சக்கர அச்சைக் கழற்றி, எட்டுப் பேர் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். இப்போது பக்கத்து ஊர் விமானதளத்தின் கொட்டகையில் நிற்கிறது, காற்புள்ளி மாதிரி வளைந்த அந்த வால் சுக்கான் வாசலிலிருந்தே தெரியும். அடுத்த குழு அதே போர்க் காலத்து ஜெர்மன் விமானமான மூன்று இறக்கை ஃபோக்கர் கேட்கிறது. போன சனிக்கிழமை அவர்களில் இரண்டு பேர் கதவை அளந்துகொண்டிருந்தார்கள்.