பொன் நட்சத்திரம் ஒட்டிய தாள்: நீலகிரியில் கலியாணம் பேசியிருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் தங்கைக்கு, தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிப் பக்கம் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவரோடு 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் கலியாணம் பேசி முடித்தோம். அதனை இந்தியச் சட்டப்படி பதிவு செய்து, அவள் அங்கே கணவரோடு வாழ்வதற்கு வேண்டிய எல்லாப் பத்திரங்களையும் எடுத்துத் தருவதாகச் சொல்லி, மலையக நகரமொன்றின் கடைத்தெருவில் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் முகவர் ஒருவர் எங்களிடம் 385,000 ரூபா வாங்கினார். கடைசியில் எங்கள் கையில் இருந்தது எந்த அலுவலகத்திலும் செல்லாத ஒரு தாள். அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர் எதை என்ன பெயரில் விற்றார் என்பதை எழுதினால், அதே சரக்கை வேறு யார் விற்றாலும் அடையாளம் தெரியும்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிப் போன குடும்பங்களில் எங்கள் அப்பாவின் சித்தி குடும்பமும் ஒன்று. அவர்கள் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கப்பட்ட டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தச் சித்தியின் மகள் எங்களுக்கு அத்தை முறை. அத்தையின் மகன்தான் மாப்பிள்ளை. கடல் நடுவே இருந்தாலும் இப்படிக் கொடுத்து வாங்கும் குடும்பங்கள் மலையகத்தில் இன்னும் நிறைய இருக்கின்றன. பத்திர வேலை என்றால் பயப்படும் குடும்பங்களும் அவைதான் என்பது அந்த முகவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

நானும் அப்பாவும் போன முதல் நாளே, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த கட்டணப் பட்டியலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். 'அப்போஸ்டில்' முத்திரைக்கு 75,000, பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்கு 60,000, மொழிபெயர்ப்புக்கும் சத்தியக் கடதாசிக்கும் 40,000, இந்தியாவில் 'மூன்று நாளில் பதிவு', விசா, விமானச் சீட்டு எல்லாம் சேர்த்து 210,000. "ஐயா, நீங்க கொழும்புக்கு ஒரு தடவைகூட அலைய வேணாம், எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம்" என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அப்பா அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். கொடுத்தது அவருடைய ஊழியர் சேமலாப நிதிப் பணம். 2021இல் ஆயிரம் ரூபாவாக உயர்ந்த நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், 385 நாள் கொழுந்துப் பறிக்கும் மலைக்கும் கவ்வாத்து வெட்டும் மலைக்கும் ஏறி இறங்கிய கூலி அது.

முதலாவது வரியிலேயே பொய் இருந்தது. அப்போஸ்டில் என்பது 1961ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள், தங்கள் அரச பத்திரங்களுக்கு வழங்கும் ஒரு சான்று. இந்தியா 2005 முதல் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாங்கள் பணம் கட்டிய 2023இல் இலங்கை அதில் சேர்ந்திருக்கவில்லை; ஆகவே இலங்கைப் பத்திரத்தின் மேல் அப்போஸ்டில் என்ற ஒன்று இருக்கவே முடியாது. நம் பிறப்புச் சான்றிதழுக்கு வெளிநாட்டில் மதிப்புக் கிடைக்க வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் விவகாரப் பிரிவில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்; அதற்கு வாங்கும் கட்டணத்தை 75,000 ரூபாவின் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. அந்தப் பிரிவு இருக்கும் பத்தரமுல்லவுக்குப் போக முடியாதவர்களுக்குக் கண்டியிலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது என்பதையும் நாங்கள் பிறகுதான் அறிந்தோம். முகவர் தந்த 'அப்போஸ்டில்' எப்படி இருந்தது என்றால், சான்றிதழின் போட்டோ பிரதியின் பின்புறத்தில் ஒரு நீல முத்திரை, அதன் மேல் ஓரம் பல் பல்லாக வெட்டிய பொன்னிற நட்சத்திர ஸ்டிக்கர். என் தங்கை முன்பள்ளி ஆசிரியை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது நாங்க கலைவிழாவுக்குப் பிள்ளைங்க சர்டிபிகேட்ல ஒட்டுற ஸ்டார் மாதிரியே இருக்கு" என்றாள். நான்தான் அவளை அதட்டினேன். அன்றைக்கு அவள் பேச்சைக் கேட்டிருந்தால் மிச்சத் தவணைகளாவது தப்பியிருக்கும்.

பாதுகாப்பு அமைச்சு என்ற பெயரைக் கேட்டதும் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. இலங்கையர் வெளிநாட்டவரை மணப்பதற்கு அந்த அமைச்சின் பாதுகாப்பு அறிக்கை வேண்டும் என்று 2022 ஜனவரி முதலாம் திகதி தொடங்கி நடைமுறைக்கு வரும்படி ஒரு சுற்றறிக்கை வந்தது உண்மைதான். பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டதும் உண்மைதான். ஆனால் அது இலங்கைக்குள், இலங்கைப் பதிவாளர் முன்னிலையில் நடக்கும் விவாகத்தைப் பற்றியது. கோத்தகிரியில் நடக்கப் போகும் கலியாணத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எல்லோருக்கும் அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கும் ஒரு செய்தியை எடுத்து, அதற்கு விலை வைப்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்திரங்களில் உண்மையிலேயே ஒரு சிக்கல் இருந்தது. அதைத்தான் அவர் தொடவே இல்லை. தங்கையின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும், அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் வேறு விதமாகவும் இருந்தது. தோட்டத்துப் பிறப்புகளில் இது வீட்டுக்கு வீடு காணும் கதை: தோட்டத்தில் எழுதியது ஒன்று, சிங்களத்தில் பதிந்தது இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஆசிரியர் திருத்தியது மற்றொன்று. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரகடனம் கொடுத்துத் திருத்த வேண்டிய விடயத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சமாதான நீதவானின் கையெழுத்தோடு சத்தியக் கடதாசி ஒன்றைத் தட்டச்சுச் செய்து கொடுத்துவிட்டு 40,000 ரூபாவைக் கணக்குக் காட்டினார்.

இனிமேல் சொல்வதுதான் எங்களுக்கு மிகப் பெரிய இழப்பை உண்டாக்கியது. ஓர் இந்தியரும் ஒரு வெளிநாட்டவரும் இந்தியாவில் மணப்பதற்குப் பொதுவாகக் கையாளப்படுவது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தொடர்ந்து வசித்திருந்தால் போதும். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் அந்த நிபந்தனை தானாகவே நிறைவேறியிருந்தது. இருவரும் கையெழுத்திட்டுத் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் 30 நாள் ஒட்டப்பட்டு, ஆட்சேபம் இல்லையென்றால், அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்திட வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த 30 நாளை எந்தப் பணமும் குறைக்காது. எங்கள் முகவரோ தங்கைக்கும் அப்பாவுக்கும் எனக்கும் 14 நாளில் திரும்பும் விமானச் சீட்டு எடுத்திருந்தார். அந்த ஒரு சீட்டே அவருடைய 'மூன்று நாளில் பதிவு' என்னவென்று சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு அது உறைக்கவில்லை.

வைகாசி மாதத்தில், அத்தை வீட்டுக்குக் கீழே இருக்கும் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது, லயத்துச் சனம் முழுவதும் வந்திருந்தது, அந்த நாளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் முகவரின் ஆள் ஒருவர் எங்களை மலையிறக்கி, நகரத்தில் ஒரு வழக்கறிஞர் அறைக்குக் கூட்டிப்போனார். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் 'திருமணச் சான்றிதழ்' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டு, மணமக்களின் படம் ஒட்டி, நோட்டரி ஒருவரின் சிவப்பு வட்ட முத்திரையைக் குத்தித் தந்தார்கள். அறையில் இருந்த நேரம் இருபது நிமிடம்கூட இராது. முத்திரையின் மை காயாமல் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. திரும்பும் பேருந்தில் அதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, வேலை சுளுவாக முடிந்தது என்று அப்பாவிடம் சொன்னேன்.

ஊருக்கு வந்தபின், கணவரோடு சேர்ந்து வாழ்வதற்கான இந்திய விசாவுக்கு விண்ணப்பிக்க ஓகஸ்ட் மாதம் கண்டியில் அந்த விண்ணப்பங்களை ஏற்கும் இடத்துக்குப் போனோம். பத்திரங்களைப் பார்த்த பெண்மணி முத்திரைத்தாளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் புரட்டிவிட்டு, "இதில் பதிவாளர் கையெழுத்து எங்கே?" என்று மட்டும் கேட்டார். இந்தியாவில் நோட்டரிகள் 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டத்தின் கீழ் பிரமாணம் செய்துவைக்கலாம், பிரதிகளை உறுதிப்படுத்தலாம். திருமணத்தைப் பதிவு செய்யவோ திருமணச் சான்றிதழ் வழங்கவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அந்தத் தாள், இந்த இருவரும் தாங்கள் மணந்துகொண்டதாகச் சொல்கிறார்கள் என்பதற்கு மேல் எதையும் காட்டாது.

அதன் பிறகு எல்லாவற்றையும் நாங்களே செய்தோம். கோயிலில் ஏற்கெனவே தாலி கட்டியாகிவிட்டதால், மணமாகாதவள் என்று உறுதிமொழி கொடுத்து மேலே சொன்ன வழியில் போவதற்குத் தங்கை சம்மதிக்கவில்லை. அது பொய்யாகிவிடும் என்று அவள் சொன்னது நியாயம். அதே சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வேறு முறையில் நடந்த கலியாணத்தைப் பதிவு செய்ய இடம்தருகிறது. ஆனால் அதற்கு இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் இருவருமே அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். பிறகு ஆட்சேபத்துக்கு இன்னொரு 30 நாள். ஆக, தொடக்கத்திலேயே யாராவது சரியாகச் சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு, அவள் நீண்ட நாள் விசா எடுத்துப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே தங்க வேண்டி வந்தது. முன்பள்ளி வேலை போயிற்று. பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் தேடுவித்து, அவளுக்கு இலங்கையில் வேறு விவாகப் பதிவு இல்லை என்ற சான்றிதழை எடுத்ததும், பெயரைத் திருத்தியதும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்த்ததும், சென்னையிலுள்ள நம் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் கடிதம் வாங்கியதும் அலைச்சலே தவிரப் பெரிய செலவு அல்ல. இரண்டாம் முறை ஆன ஏறத்தாழ 140,000 ரூபாவில் பெரும்பகுதி விமானச் சீட்டுக்கே போனது. சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டிய தொகை சில நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

அங்கே இருந்த எழுத்தர் முதலில் கேட்ட கேள்வி, "மாப்பிள்ளை சொந்த அத்தை மகனா?" என்பது. முறைப் பையனுக்குப் பெண் கொடுப்போர் இதைக் கவனிக்க வேண்டும். நமக்கு உரிமையான உறவு என்று நாம் நினைக்கும் சொந்த அத்தை மகனும் சொந்த மாமன் மகனும் அந்தச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் தடைசெய்யப்பட்ட உறவாக எழுதப்பட்டிருக்கிறார்கள். வழக்கத்தை முன்னிட்டு விலக்குப் பெறுவதற்கும், அந்த வழக்கம் மாநில அரசின் அரசிதழில் அறிவிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எங்களுடையது ஒரு தலைமுறை தள்ளிய உறவு என்பதால் தப்பினோம். சொந்த முறை என்றால் பணம் கட்டுவதற்கு முன் அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேட்டுவிடுங்கள். இன்னொன்று: வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் 'படிவம் சி' கொடுக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. முதல் பயணத்தில் அத்தை வீட்டில் யாருக்கும் இது தெரியாது, முகவரும் மூச்சுவிடவில்லை. இரண்டாம் முறை போனபோது மாப்பிள்ளையே முதல் நாள் இரவு கைபேசியில் அதைப் பதிந்தார்.

முகவர்மேல் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தோம். விடயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. எங்களிடம் இருந்த மூன்று பற்றுச்சீட்டிலும் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டுமே எழுதியிருந்தார், எதற்கான ஆலோசனை என்று ஓரிடத்திலும் இல்லை. சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த 'அரச அங்கீகாரம்' வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு என்பதும், ஒரு பலசரக்குக் கடைக்கும் அதே பத்திரம்தான் கிடைக்கும் என்பதும் அங்கே வைத்துத்தான் எங்களுக்கு விளங்கியது. 200,000 ரூபாவைத் தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்; 90,000 தந்தார்; பிறகு தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டார்.

தங்கையின் கலியாணம் 2024 தை மாதத்தில் முறைப்படி பதிவாயிற்று. அவள் இப்போது கோத்தகிரியில் இருக்கிறாள். போன மாதம் அந்த நகரத்துக்குப் போன வேளை, கால் பழக்கத்தில் அந்த மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். பலகையில் பெயர் மாறியிருந்தது. கதவருகே ஒரு வயதான அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருந்தார். கண்ணாடிக்கு அடியில் அதே கட்டணப் பட்டியல். முதல் வரி இன்னும் அப்போஸ்டில்தான், விலை மட்டும் 95,000 ஆகியிருந்தது.