மானியச் சொட்டு நீர் என்று விளைக்கு வருபவர்களிடம் கவனம்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில் விளை, தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும், "அரசு மானியத்தில் சொட்டு நீர் போட்டுத் தருகிறோம், உங்கள் பங்கை மட்டும் கொடுத்தால் போதும்" என்று அட்டையோடு ஆட்கள் வருகிறார்கள். என்னிடம் வந்தவர் 28 ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். விளையில் மிஞ்சியது கொஞ்சம் கருப்புக் குழாய்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி என்றதும் இரண்டு பருவமழையும் பெய்கிற பச்சை மாவட்டம் என்றுதான் நினைப்பீர்கள். அது குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய எங்கள் பக்கத்தில் மழையைவிடக் காற்றுதான் அதிகம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் முதல் தேதி தண்ணீர் திறந்தால் பிப்ரவரிக் கடைசியில் அடைத்துவிடுவார்கள். அதற்கப்புறம் மூன்று மாதம் போர் தண்ணீர்தான் கதி. எனக்கு இருப்பது அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. இருபது மூடு தென்னை (மூடு என்றால் மரத்தின் அடிப்பகுதி), ஓரமாகப் பிச்சிப்பூ, வீட்டை ஒட்டிக் கத்தரியும் வெண்டையும். சித்திரையில் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடினாலே காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்ட இடத்துக்குச் சொட்டு நீர் நல்ல வழி என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. நான் திட்டுவது அதன் பெயரில் நடக்கும் வியாபாரத்தை.

வந்தவர் பேச்சில் குறையே சொல்ல முடியாது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் மூன்று நான்கு கம்பெனிகளின் வண்ணத் தாள்கள். "அண்ணாச்சி, மொத்தம் எண்பதுக்கு மேல வரும். மானியம் கழிச்சு உங்க பங்கு இருபத்தெட்டுதான். மார்ச் முடிஞ்சா கோட்டா போயிரும்" என்றார்.

"தம்பி, பில் உண்டா?"

"எல்லாம் கம்பெனியில இருந்து தபால்ல வரும், ஒண்ணும் பயப்படாண்டாம்."

சிட்டா, அடங்கல், ஆதார் நகல் எல்லாம் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நம்பிக்கை வந்ததே அதனால்தான். மானியம் இல்லாத வேலைக்கு ஒருவர் எதற்கு அடங்கல் கேட்கப்போகிறார்? மறுநாளே ஆட்கள் இறங்கி, சாயங்காலத்துக்குள் எல்லாக் குழாயையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பணம் கூகுள் பேயில் போனது. பில் என்று கையில் கிடைத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு தாள்.

அவர்கள் போட்டது என்ன என்று பாருங்கள்.

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராகக் குழாயை எடுத்தார்கள். "மோட்டார் ஓட்டாண்டாம், கரண்டு மிச்சம்" என்றபோது கேட்க நன்றாகத்தான் இருந்தது. கணக்கு என்னவென்றால், தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால்தான் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். குழாயிலிருந்து தண்ணீரைச் சொட்டவிடும் சாதாரணச் சொட்டுவான்களில் மணிக்கு 4 லிட்டர், 8 லிட்டர் என்று போட்டிருப்பது அந்த ஒரு கிலோ அழுத்தத்துக்குத்தான். என் மாடித் தொட்டி தரையிலிருந்து நான்கு மீட்டர். அப்படியானால் 0.4 கிலோ. அதிலும் குழாய் நீள நீள உராய்வில் கொஞ்சம் போய்விடும். முன்வரிசை வெண்டைக்குச் சொட்டியது. கடைசித் தென்னைக்கு ஈரம்கூட எட்டவில்லை. தொட்டியிலிருந்தும் சொட்டு நீர் கொடுக்கலாம், ஆனால் அது சின்னப் பாத்திக்கு, குட்டையான குழாய்க்கு. அரை ஏக்கருக்கு அந்த வேலை ஆகாது.

தென்னையின் மூடு ஓரமாக ஒரே ஒரு 4 லிட்டர் சொட்டுவான். தென்னையின் உறிஞ்சும் வேர் மூட்டைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மீட்டருக்குப் பரவியிருக்கும். அதனால் மூட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நாலு பக்கமும் சொட்டுவான் வைப்பதுதான் முறை. கோடையில் ஒரு மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் வரை வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. 8 லிட்டர் சொட்டுவான் நான்கு இருந்தால் இரண்டு மணி நேரத்தில் அதைக் கொடுத்துவிடலாம். எனக்குப் போட்டுத் தந்ததில், சரியாகச் சொட்டினால்கூட, பதினாறு மணி நேரம் திறந்துவைக்க வேண்டும்.

வடிகட்டி கிடையாது. "போர் தண்ணிக்கு எதுக்கு பில்டர்?" என்றார் வேலையாள். கொஞ்ச நாளிலேயே ஒவ்வொன்றாக நின்றுபோனது. ஒரு சொட்டுவானைத் திருகித் திறந்து பார்த்தேன். உள்ளே அந்த வளைந்து வளைந்து போகும் சின்ன வாய்க்காலில் பொடி மணலும் துருநிறச் சேறும் கலந்து களிம்பாக ஒட்டியிருந்தது. ஊசியால் கிளறினால் ஒரு நாள் ஓடும், மறுபடி அடைக்கும். சொட்டு நீரில் முதலில் வாங்க வேண்டிய சாமானே வடிகட்டிதான். போர் தண்ணீருக்குச் சல்லடை வடிகட்டியாவது வேண்டும். பாசி பிடிக்கும் கிணறு, குளத்துத் தண்ணீர் என்றால் மணல் வடிகட்டியும் வேண்டும்.

பிச்சிப் பாத்திக்குத் தெளிப்பான் போட்டதுதான் பெரிய கூத்து. சொட்டுவானைவிடப் பார்க்க அழகாக இருக்கும், பூச்செடிக்குக் குளிர்ச்சி என்றார். எங்கள் ஊர்க் காற்றில்! வைகாசி முடிவில் காற்று எடுத்ததும் பிச்சி காய்ந்து நின்றது, வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் வைத்திருந்த அரளி செழித்தது. அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, நமக்கும் சேத்துத் தண்ணி விடுகீங்களே" என்று சிரித்தார். கணவாய்ப் பக்கம் யாராவது தெளிப்பானை விற்க வந்தால், ஆடி மாதம் வந்து போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் குழாய். அடுத்த கோடை வருவதற்கு முன்பே அங்கங்கே விண்டு பீய்ச்சியது. போனில் கேட்டால், "அணில் கடிச்சிருக்கும் அண்ணாச்சி." அணில் கடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அணில் கடித்தால் பல் தடத்தோடு சுரண்டிய ஓட்டை இருக்கும். என் குழாயில் இருந்தது வளைவுகளில் நீளவாக்கில் ஓடிய வெடிப்பு, ஓரம் வெளிறிப்போயிருந்தது. ஒரு துண்டை மடக்கினேன். காய்ந்த ஓலை ஈர்க்கு மாதிரி டப்பென்று ஒடிந்தது. அறுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் தாள்போல மெல்லிசு. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்த குழாய் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சொட்டுவான் பொருத்தும் நல்ல பக்கவாட்டுக் குழாயில், வெயிலைத் தாங்குவதற்கென்று கரித்தூள் சரியான அளவில் கலந்திருப்பார்கள். அதைவிட முக்கியம், குழாய் நெடுக எழுத்து அச்சாகியிருக்கும்: கம்பெனிப் பெயர், குழாய் அளவு, ஐஎஸ்ஐ முத்திரை, ஐ.எஸ். 12786 என்ற எண். சொட்டுவான் உள்ளேயே பதிந்து வரும் குழாய் என்றால் ஐ.எஸ். 13488. எனக்குப் போட்ட குழாயில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு எழுத்துக்கூட இல்லை.

சரி, மானியமாவது என்ன ஆயிற்று என்று வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் போய்க் கேட்டேன். என் பெயரில் விண்ணப்பமே இல்லை. அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஐந்து ஏக்கருக்குள்தானே உங்களுக்கு? அப்புறம் எதற்குப் பங்கு கொடுத்தீர்கள்?"

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு (சொட்டு நீர், தெளிப்பு நீர்), ஐந்து ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிக்கு, இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு செலவு என்று அரசு வைத்திருக்கும் அலகுத் தொகைக்குள் 100 சதவீதம் மானியம். அதற்கு மேல் நிலம் உள்ளவர்களுக்கு 75 சதவீதம். அந்த மானியம் வேலை முடிந்து, அலுவலர்கள் விளையில் வந்து பார்த்த பிறகு கம்பெனிக்குப் போகும். அரை ஏக்கர்க்காரனிடம் வந்து "மானியம் போக உங்கள் பங்கு" என்று வேலைக்கு முன்பே ரொக்கம் கேட்டால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். மிமிஸ் என்ற அரசு இணையதளத்தில் நாமே பதியலாம், இல்லையென்றால் வட்டார அலுவலகத்தில் பதிந்து தருவார்கள். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயிச் சான்று வேண்டும். எந்தக் கம்பெனி என்பதை அரசு அங்கீகரித்த பட்டியலிலிருந்து நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். கோட்டா போயிரும் என்று அவசரப்படுத்துகிறவர் சொல்லை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள்.

இன்னொன்று. ஒருவர் பெயரில் ஒரு நிலத்துக்கு ஒருமுறை மானியம் எடுத்துவிட்டால் மறுபடி கிடைக்க ஏழு வருடம் ஆகும். கண்டவரிடம் அடங்கலும் ஆதாரும் கொடுத்து, அவர் அதைக் காட்டி எங்காவது மானியம் எடுத்துவிட்டால் நமக்கு வர வேண்டியதும் போய்விடும். என் விஷயத்தில் அது நடக்கவில்லை. இனி நகல் கொடுப்பதாக இருந்தால் அதன் மேலேயே எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கப்போகிறேன்.

போட்டு முடித்தவர்களிடம் கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம், செலவே இல்லாதது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்து, முதல் சொட்டுவானுக்கு அடியில் ஒன்றும் கடைசிச் சொட்டுவானுக்கு அடியில் ஒன்றும் குழி தோண்டி வையுங்கள். 4 லிட்டர் சொட்டுவான் என்றால் கால் மணி நேரத்தில் இரண்டும் நிறைய வேண்டும். கடைசிப் பாட்டில் பாதியில் நின்றால் சாக்கு எதையும் கேட்காதீர்கள், பணத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், நாகர்கோவிலில் கடையில் பில் போட்டு ஒரு சல்லடை வடிகட்டியும் எழுத்துள்ள குழாயும் வாங்கி, காய்கறிக்கும் பிச்சிக்கும் மட்டும் சொட்டு நீர் போட்டிருக்கிறேன். தொட்டியை விட்டுவிட்டு மோட்டாரிலிருந்து நேராக. நடுவில் வால்வு வைத்துப் பகுதி பகுதியாகத் திறக்கிறேன், போர் ஊறுவதற்கும் நேரம் கிடைக்கிறது. வாரம் ஒருமுறை குழாய்க் கோடியின் மூடியைக் கழற்றிச் சேற்றை வெளியே விடுகிறேன். ஏழாயிரத்துக்குள் முடிந்தது. தென்னைக்குப் பழைய வழிதான்: மூட்டைச் சுற்றி ஆறடி ஆரத்தில் தடம் வெட்டி, தண்ணீர் விட்டு, மேலே கதம்பலை (தேங்காய் மட்டையை) முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்து அடுக்கியிருக்கிறேன், ஒரு மூட்டுக்கு நூறு கதம்பல் அளவில். சும்மா எரித்துக்கொண்டிருந்த சாதனம். கதம்பலை விலக்கி மண்ணைத் தொட்டால் மறுநாளும் ஈரம் இருக்கிறது. தென்னைக்கும் முறையாகப் போட மானியத்துக்கு இப்போது நானே பதிந்திருக்கிறேன்.

பணம் திரும்பி வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். கூகுள் பே ரசீதைத் தவிர வலுவான சான்று எதுவும் கையில் இல்லை, அதிலும் அட்டையில் இருந்த பெயர் வேறு, பணம் போன கணக்கின் பெயர் வேறு. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே ஆளிடமோ இதே மாதிரிப் பேசிய ஆளிடமோ பணம் கொடுத்தவர்கள் ரசீது, போட்டோ, எழுத்தில்லாத குழாயில் ஒரு துண்டு, எதையும் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போனால் கேட்பதற்கு இன்னும் பலம்.