இலவச கேமா, விலைக்கு வாங்கும் கேமா? மலையக இணைப்பில் நெடுநாள் விளையாடிப் பார்த்த கணக்கு

"இலவசம்தானே, இறக்கிப் பார்ப்போம்" என்று தொடங்கும் ஒன்லைன் கேம்தான் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் போகப் போகக் கையைக் கடிக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கேம்கள் பல வாங்கிய அன்றோடு செலவை முடித்துக்கொள்கின்றன. பைபர் இணைப்பு டவுனோடு நின்றுவிட, தோட்டத்து வீடுகளுக்கு 4ஜி ரவுட்டர்தான் கதி என்ற நிலையில் கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் விலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துதான் போவோம். மாதம் எத்தனை ஜிபி கேட்கிறது, சீசன் (கேமுக்குள் ஓடும் பருவம்) முடியும் திகதியை யார் வைக்கிறார்கள், சேர்வர் (கேமை ஓட்டும் மையக் கொம்பியூட்டர்) யார் கையில் இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் டேட்டா. விளையாடும்போது செலவாகும் டேட்டா பெரிதல்ல. பெரும்பாலான கேம்கள் மணிக்குச் சில நூறு எம்பியைத் தாண்டாது. டேட்டாவைத் தின்பது இறக்குவதும் அப்டேட்டும்தான். இலவச கேமான கௌண்டர்-ஸ்ட்ரைக் 2க்கு 85 ஜிபி இடம் வேண்டும் என்று ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் பக்கமே சொல்கிறது, இன்னொரு இலவச கேமான டோட்டா 2க்கு 60 ஜிபி. மாதத்துக்கு நாற்பது, ஐம்பது ஜிபி பாவிக்கும் வீட்டில் ஒரு கேமை முதல் தடவை இறக்கவே ஒரு மாத டேட்டா போய்விடும். வாங்கும் கேம்களில் டெராரியா 200 எம்பி கேட்கிறது, ஸ்டார்டியூ வேலி 500 எம்பி, வால்ஹெய்ம் 1 ஜிபி, டீப் ரொக் கலக்டிக் 3 ஜிபி, லெஃப்ட் 4 டெட் 2 13 ஜிபி. விலைக்கு வாங்குவதெல்லாம் சிறியது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது, கோல் ஒஃப் டியூட்டி நூறு ஜிபியைத் தாண்டும். ஆனாலும் இலவச கேமுக்கு ஒரு கட்டாயம் உண்டு. புது ஸ்கின் (தோற்றம்), புது சீசன், புது மெப் என்று எதையாவது விற்றுக்கொண்டே இருந்தால்தான் அது உயிர்வாழும். அதனால் அப்டேட் நிற்காது. அப்டேட் போடாமல் மெட்சுக்குள் நுழையவும் முடியாது.

இதற்குச் சில வழிகள் நன்றாக வேலை செய்கின்றன. ஸ்டீமில் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் பக்கத்துக்குப் போய், தானாக நடக்கும் அப்டேட்டை உங்கள் பக்கேஜின் இரவு டேட்டா நேரத்துக்குள் அடக்கிவிடுங்கள். அபூர்வமாக விளையாடும் கேமுக்கு, திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி அதன் ப்ரொப்பர்ட்டீஸில் மாற்றலாம். வீட்டில் இரண்டு கொம்பியூட்டர் இருந்தாலோ, பக்கத்து வீட்டு நண்பர் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாலோ, 2023இல் ஸ்டீமில் வந்த உள்வலையமைப்புப் பரிமாற்றம் பெரிய உதவி. இரண்டும் ஒரே ரவுட்டரில் இருக்க வேண்டும், இரண்டிலும் ஸ்டீம் திறந்திருக்க வேண்டும், வெவ்வேறு கணக்கென்றால் டவுன்லோட்ஸ் பக்கத்தில் நண்பர்களுக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அனுப்பும் கொம்பியூட்டரில் அந்த நேரம் எதுவும் விளையாடக் கூடாது. சாதாரண 4ஜி ரவுட்டரின் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் இது ஆமை வேகத்தில் நகரும். இரண்டையும் லேன் வயரில் போட்டால் 60 ஜிபியும் ஒரு பின்னேரத்துக்குள் முடியும்.

ரவுட்டரும் இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோகலாம். ஸ்டீமை முழுதாக மூடிவிட்டு, ஸ்டீம்அப்ஸ் போல்டரில் உள்ள கொமன் என்ற போல்டருக்குள் இருக்கும் கேமின் போல்டரையும், வெளியே இருக்கும் அப்மெனிஃபெஸ்ட் கோப்பையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். டோட்டா 2இன் எண் 570, கௌண்டர்-ஸ்ட்ரைக் 2இன் எண் 730. அந்த எண்ணோடுதான் அந்தச் சின்னக் கோப்பு இருக்கும். அதை விட்டுவிட்டால் ஸ்டீம் கேமைத் தானாக அடையாளம் காணாது, இன்ஸ்டோல் கொடுத்த பிறகே இருக்கும் கோப்புகளைத் தேடிப் பார்க்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கொம்பியூட்டரில் இன்னொரு தொல்லை உண்டு. அப்டேட் 300 எம்பிதான் இறங்கும், ஆனால் ஸ்டீம் பெரிய கோப்புகளைத் திரும்ப எழுதி முடிக்க நெடுநேரம் எடுக்கும். காலி இடம் போதாவிட்டால் பாதியில் நின்றுவிடும். மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பின்னேரத்து இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையை வைக்க வேண்டாம். மின்னல் அடங்கும்வரை ரவுட்டரின் கரண்ட் வயரோடு லேன் வயரையும் கழற்றி வைப்பதுதான் பாதுகாப்பு.

அடுத்தது பாஸ். இலவச கேமின் வருமானத்தில் பெரும்பங்கு ஸ்கினிலிருந்தும் பட்டில் பாஸிலிருந்தும் வருகிறது. பட்டில் பாஸுக்குக் காசு கட்டினால் பொருள் கையில் வராது. விளையாடி எடுத்துக்கொள்ளும் உரிமை மட்டும்தான் வரும், அதுவும் குறித்த திகதிவரை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களிலும் சீசன் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இலங்கையில் கரண்ட் இல்லை என்று எந்தக் கொம்பனியும் திகதியைத் தள்ளிப்போடாது. மண்சரிவில் லைன் அறுந்து ஒரு கிழமை இணைப்பில்லாமல் போனாலும் இதே கதைதான். ஆகவே பாஸ் வாங்கத்தான் வேண்டும் என்றால் சீசன் தொடங்கும்போது வாங்காதீர்கள். இலவசமாகவே விளையாடி எந்தப் படிவரை வந்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டு கடைசிக் கிழமையில் வாங்குங்கள். அதுவரை தாண்டிய படிகளின் பரிசெல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். அநேக கேம்களில் இப்படித்தான். படி போதாவிட்டால் காசு மிச்சம்.

காலாவதியாகாத பாஸ் வைத்திருக்கும் கேமுக்குத் தனி மரியாதை கொடுக்கலாம். ஹேலோ இன்ஃபினிட்டில் வாங்கிய பாஸ் சீசன் முடிந்தாலும் இருக்கும். ஹெல்டைவர்ஸ் 2இன் பாஸ்களான வோர்பொண்டுகளும் அப்படியே, அதற்கான கிரெடிட்டையும் மிஷனுக்குள்ளேயே பொறுக்கலாம். டீப் ரொக் கலக்டிக்கில் சீசனுக்குக் காசே இல்லை. 2024இலிருந்து பழைய சீசனைத் திரும்பத் தெரிவுசெய்து விளையாடவும் விட்டிருக்கிறார்கள். மழைக்கும் கரண்டுக்கும் நடுவில் விளையாடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

காசுக் கணக்கைப் பார்ப்போம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 10 டொலர் பாஸ் ஒன்று 3,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒன்றென்றால் வருடத்துக்கு 18,000. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் இரண்டு நாள் முழுப்பேர் (முழுநாள் வேலை) போட்டாலும் ஒரு பாஸுக்குப் பத்தாது. இதைச் சொல்வது யாரையும் குற்றம்பிடிக்க அல்ல. அம்மா அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கும் காசு எந்த வேகத்தில் கரைகிறது என்பதை விளையாடும் பிள்ளை தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கேமுக்குள் இருக்கும் நாணயம் இந்தக் கணக்கை மறைக்கிறது. வலோரண்டில் பிரீமியம் வகைத் துப்பாக்கி ஸ்கின் 1,775 விபி (அந்த கேமின் நாணயம்). நாணயப் பொதிகளோ 475, 1,000, 2,050 என்று போகின்றன. 2,050 வாங்கி ஸ்கினை எடுத்தால் 275 மிஞ்சும். அந்த 275க்குத் துப்பாக்கி ஸ்கின் எதுவும் வராது, மலிவான வகையே 875. மிச்சத்தை வீணாக்க மனம் வராமல் அடுத்த பொதியை வாங்குவோம். வாங்குமுன் விலையை ரூபாயாக மாற்றிக் கடதாசியில் எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம். டொலரோடு கட்டியிருப்பதால் விலை நாட்டோடு சேர்ந்து ஆடவும் செய்யும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது; அதே பாஸ் இரண்டே மாதத்தில் 2,000இலிருந்து 3,600. அதற்கு முன்பே கேமை வாங்கி வைத்திருந்தவர்களை அந்த ஏற்றம் தொடவில்லை.

இலவசம் உண்மையிலேயே இலவசமாக இருக்கும் இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டோட்டா 2இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஹீரோக்கள் அத்தனையும் முதல் நாளே திறந்திருக்கும், காசு வெறும் தோற்றத்துக்கு மட்டும். ஒரு சதமும் கட்டாமல் வருடக்கணக்கில் அங்கே சமமாக விளையாடலாம். ஆட்கள் அதிகம் என்பது அடுத்த நன்மை. நடுச்சாமத்திலும் சிங்கப்பூர் சேர்வரில் மெட்ச் கிடைக்கும். விலை கொடுத்த ஷூட்டர்களில் ஆசியப் பகுதி சீக்கிரம் வெறிச்சோடும். பிறகு ஐரோப்பிய சேர்வருக்குத் தள்ளிவிடும், 4ஜியில் அந்தப் பிங்கோடு (சேர்வரிலிருந்து பதில் வரும் தாமதம்) குறிபார்த்துச் சுடுவது நடக்காத காரியம். எனவே ஐந்துக்கு ஐந்து போட்டி கேம் வேண்டுமென்றால் இலவசம்தான் சரி. நாலு கூட்டாளிகள் மட்டும் சேர்ந்து விளையாட வாங்கியது சரி.

இலவசத்தின் மறுபக்கம் கள்ள விளையாட்டு. கணக்கைத் தடைசெய்தாலும் இன்னொன்று திறக்கக் காசில்லை. அதனால்தான் இலவச கேம்களே உள்ளுக்குள் ஒரு வாசல் கட்டணம் வைக்கின்றன. கௌண்டர்-ஸ்ட்ரைக் 2018 டிசெம்பரில் இலவசமானது, பிரைம் என்ற 15 டொலர் நிலை தனியாக நின்றது. பப்ஜி 2022 ஜனவரியில் இலவசமானபோது தர வரிசைப் போட்டிக்கு 12.99 டொலர் மேம்படுத்தல் கேட்டது. அதில் தர வரிசைதான் உங்கள் குறி என்றால் அதை இலவச கேம் என்று எண்ணவே வேண்டாம். 13 டொலர் கேம் என்று எடுத்து முடிவுசெய்யுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். ஒன்லைன் கேம் உங்கள் மெஷினோடு நின்றுவிடாது. 2023 செப்டெம்பரில் கௌண்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது டைரக்ட்எக்ஸ் 9 மட்டும் உள்ள பழைய கார்ட்டுகளும் 32 பிட் விண்டோஸும் கைவிடப்பட்டன. பிரைமுக்குக் காசு கட்டியவர்களும் அதில் அடக்கம்.

விலைக்கு வாங்கினால் நமக்கே சொந்தம் என்ற நினைப்பும் பாதிதான் உண்மை. 2016இல் காசுக்கு விற்ற ஓவர்வொச்சின் சேர்வர்கள் 2022 ஒக்டோபரில் மூடப்பட்டு, அந்த இடத்துக்கு இலவச ஓவர்வொச் 2 வந்தது; காசு கொடுத்தவர்களும் பட்டில் பாஸ் வரிசையில் நின்றார்கள். கார் ஓட்டும் கேமான த க்ரூ 2024 மார்ச் 31இல் மூடியது. தனியாளாக ஓட்டக்கூட அதற்கு சேர்வர் தேவை என்பதால் வாங்கியவர்களிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை. 40 டொலர் கொன்கோர்ட் 2024 ஓகஸ்ட் 23இல் வெளிவந்து செப்டெம்பர் 6இல் நின்றது, நல்லவேளை காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். இலங்கைக்கு இன்னொரு தலைவலி சோனியின் கணக்குச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க். அதன் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2க்கு அந்தக் கணக்கைக் கட்டாயமாக்கப் பார்த்தபோது, பட்டியலில் இல்லாத நாடுகளில் கேமை ஸ்டீம் விற்பனையிலிருந்தே எடுத்தார்கள். பிறகு கட்டாயத்தைக் கைவிட்டார்கள் என்றாலும், வெளியார் கணக்குத் தேவை என்று கடைப் பக்கத்தின் வலது ஓரத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.

நிலைத்து நிற்பவை, சேர்வரை நாமே நடத்தக்கூடிய கேம்கள்: டெராரியா, வால்ஹெய்ம், மைன்கிராஃப்ட் ஜாவா. ஒரே வீட்டிலோ லயனிலோ ஒரே ரவுட்டரில் இருந்தால் டெராரியாவுக்கு வெளி இணைப்பே வேண்டாம். ஸ்டீமை இணைப்பு இருக்கும்போது ஒரு தடவை லொகின் செய்து ஒஃப்லைன் மோடில் போட்டுவிட்டு, டெராரியாவில் ஒருவர் சேர்வர் திறந்ததும் மற்றவர்கள் அவருடைய 192.168 என்று தொடங்கும் முகவரியும் 7777 என்ற போர்ட்டும் (வாசல் எண்) போட்டு நுழையலாம். தூரத்து நண்பரை மைன்கிராஃப்டுக்குச் சேர்க்கும்போதுதான் 4ஜி இடக்குப் பண்ணும். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் உங்கள் முகவரி ஆயிரம் பேரோடு பங்கிடப்பட்டது. மைன்கிராஃப்டின் 25565 போர்ட்டை எத்தனை தடவை திறந்தாலும் யாரும் உள்ளே வர முடியாது. அப்போது பைபர் உள்ள நண்பர் வீட்டில் சேர்வரை வையுங்கள், அல்லது ஸ்டீம் நண்பர் பட்டியல் வழியாகச் சேரும் கேம்களைத் தெரிவுசெய்யுங்கள். டீப் ரொக் கலக்டிக்கில் ஒரு வீரரின் மெஷின்தான் சேர்வர். அப்லோட் வேகம் நன்றாக இருப்பவர் ஹோஸ்ட் பண்ணாவிட்டால் மற்ற மூவருக்கும் கேமில் வரும் எதிரிப் பூச்சிகள் தாவித் தாவித் தெரியும்.

வாங்கும்போது: ஸ்டீம் இலங்கைக்கு ரூபாயில் விலை காட்டாது. டொலரில்தான் காட்டும், ஆனால் அது தெற்காசியாவுக்கான தனி டொலர் விலை, பல கேம்களில் அமெரிக்க விலையைவிடக் குறைவு. வேறு நாட்டு விலைக்காக விபிஎன் போட்டால் கணக்கே பூட்டப்படலாம். டெபிட் கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு மூடியிருந்தால் வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, வாங்கியதும் திரும்ப மூடுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசு திரும்ப வரும். ஆகவே டேட்டா பக்கேஜ் புதுப்பிக்கும் நாளிலல்ல, நண்பர்கள் எல்லாரும் ஒன்லைனில் இருக்கும் ஓர் இரவில் வாங்கி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிங்கையும் குரல் இணைப்பையும் சோதித்துவிடுங்கள். ஸ்டீம் ஃபெமிலியில் ஒரே வீட்டு ஆறு பேர்வரை கேமைப் பகிரலாம். ஒரே பிரதியை இருவர் ஒரே நேரத்தில் விளையாட முடியாது, தம்பி அதில் கள்ளம் செய்தால் தடை சொந்தக்காரருக்கும் விழும்.

போனில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஃப்ரீ ஃபயர் டயமண்டும் பப்ஜி மொபைல் யூசியும் (அந்த கேம்களின் நாணயங்கள்) ஒரு தட்டலில் கிடைக்கின்றன, காசு சிம் மீதியிலிருந்தோ பதிந்து வைத்த கார்டிலிருந்தோ போகிறது. கூகுள் பிளே செட்டிங்ஸில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் உறுதிப்படுத்தல் கேட்கும்படி வைத்து, கொடுப்பனவு முறைகளில் சிம்மையும் கார்டையும் நீக்கிவிடுங்கள். தவறுதலாகப் போன காசுக்கு 48 மணி நேரத்துக்குள் கூகுள் பிளேயிலேயே விண்ணப்பியுங்கள். அதற்குப் பிறகு கேம் கொம்பனியிடம்தான் கேட்க வேண்டிவரும், அங்கே பதில் வர நாட்கள் எடுக்கும்.